மூஞ்சியப் பாத்தா மனசு தெரியுமாங்க?

போர்ட்ரெய்ட் வரையறவன், காலேஜ்ல சைக்காலஜி படிச்சவன்னு சொன்னா போதும், "அப்ப என் மூஞ்சியப் பாத்து நான் எப்படின்னு சொல்லுங்க"னு முன்னாடி வந்து நிப்பாங்க. சொல்ல முடியாதுங்க. அப்படிச் சொல்லாதேன்னுதான் அந்தப் படிப்பே எனக்குச் சொல்லிக்குடுத்துச்சு.

2006ல அமெரிக்காவுல ப்ரின்ஸ்டன் யுனிவர்சிட்டில வில்லிஸ், டொடொரோவ்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளோட போட்டோவ ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் காட்டி, இவர நம்பலாமா, முரட்டு ஆளான்னு கேட்டாங்க, அந்தக் கண்ணு சிமிட்டற நேரத்துல சொன்னதும் மத்தவங்க ஆற அமரப் பாத்துச் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போச்சு. நேரம் கூடக் குடுத்தா, தான் சொன்னது சரிங்கற தைரியம்தான் கூடுச்சு. எனக்கு இது ரொம்ப பயமான விஷயம், ஏன்னா மொத ஸ்கெட்ச்ல விழறது அந்த மொத பார்வைதான், அப்பறம் எத்தன கோட் பெயிண்ட் அடிச்சாலும் அதையேதான் மெருகேத்திட்டு இருப்போம்.

பல்லடம் பக்கம் ஒரு தறிக்காரரு, அவரு பொண்ணு அப்பாவ வரைஞ்சு தரச் சொல்லிக் கேட்டுச்சு. வெள்ளை வேட்டி சட்டைல சேர்ல உக்காந்தாரு, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல ஆழமா ஒரு கோடு, பாத்ததுமே கோவக்காரருன்னு மனசு எழுதிருச்சு. "ஏனுங்ணா, சித்த தறி குடோனுக்குப் போலாமுங்களா"ன்னேன். அங்க அந்தச் சத்தத்துல, டியூப்லைட் வெளிச்சத்துல, பாவு நூல்ல எங்க இழை அறுந்துருக்குன்னு குனிஞ்சு கண்ண இடுக்கிப் பாக்கறாரு, அறுந்தத எடுத்து விரல்லயே முடிச்சுப் போடறாரு, நிமிர்றாரு, ஆனா அந்தப் புருவம் மட்டும் அப்படியே நிக்குது. காலம் பூரா இழை தேடுன கோடு அது. அவங்க சம்சாரம் வாசல்ல நின்னு டீ இருக்குன்னு வாயசைச்சாங்க, காதுல விழாது, உதட்டப் பாத்தே புரிஞ்சுட்டு சிரிச்சாரு, கண்ணோரம் பூரா சுருங்கிருச்சு. 1862லயே டுஷென்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதி வெச்சுருக்காரு, வாய்த் தசை நாம சொன்ன பேச்சு கேக்கும், கண்ணச் சுத்தி இருக்கற தசை மனசு நெறஞ்சாத்தான் அசையும்னு. கேமராவுக்குன்னு சிரிக்கற முகத்த வரையறப்ப எனக்கு எங்கயோ இடிக்கறது அங்கதான்.

அந்தப் புருவக் கோடு, கண்ணோரச் சிரிப்பு ரெண்டையும் வரைஞ்சேன். பொண்ணு, "நெத்திக் கோட்ட மட்டும் எடுத்துருங்கண்ணா, அப்பா கோவமா தெரியறாரு"ன்னுச்சு. அவரு பாத்துட்டு, "அது கெடக்கட்டும் கண்ணு, இருக்கறதுதான"ன்னாரு. எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

மனசப் பத்தி ஆராய்ஞ்ச சிக்மண்ட் ஃப்ராய்டோட பேரன் லூசியன் ஃப்ராய்டு பெரிய போர்ட்ரெய்ட் ஓவியர், அவருகிட்ட 2002ல இன்னொரு ஓவியரான டேவிட் ஹாக்னி, தன்ன வரையறதுக்காக 100 மணி நேரத்துக்கு மேல உக்காந்தாரு. அவ்ளோ நேரம் ஆனா எந்த மனுசனும் போஸ் குடுக்கறத விட்டுருவான். நம்மூர்ல யாருங்க அப்படி உக்காருவாங்க, தறி நிக்குது, மாடு கத்துதுன்னு எந்திரிச்சுருவாங்க, அதனால நானே அவங்க வேலை செய்யற எடத்துக்குப் போயிடறேன். அடுத்து கோபி பக்கம் ஒரு அப்பத்தா. பால் கறக்கற நேரத்துக்கு வரச் சொல்லிருக்காங்க, மொத நாள் ஸ்கெட்ச்புக் எடுத்துட்டுப் போறதா இல்ல, பேசிட்டு மட்டும் வரணும்.