எண்ணெய்ப் பிசுக்கும் என் முன்பணமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் நான் இருந்தது உள்வாடகை அறை. வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த அண்ணன்தான் எனக்கு விட்டிருந்தார். காலி செய்ததும் 6,000 ராண்ட் முன்பணத்தைக் கேட்டால், "சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு தம்பி, பெயிண்ட் அடிக்கணும்" என்றார். அடுப்பே இல்லாத அறையில் எண்ணெய்ப் பிசுக்காம்!

இங்குள்ள 1999 வாடகை வீட்டுச் சட்டத்தில், உள்வாடகைக்கு விட உரிமையுள்ளவரும் வீட்டுக்காரர்தான். காலி செய்யும்போது இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்காமல் விட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே கணக்கு. முன்பணம் முழுவதும் வட்டியோடு வர வேண்டும். நம்ம அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் எழுதி, சுவர்ப் படங்களையும் அனுப்பினேன். வாடகைத் தீர்ப்பாயத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் மரியாதையாகவே சொன்னேன். அப்புறம் பணம் வந்துவிட்டது. வட்டியைத்தான் இன்னும் காணோம்.