பனிக்காலத்தில் பார்த்தவையும் கேட்டவையும்

கனடாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். சின் நம்பர் என்ற சமூகக் காப்பீட்டு எண் எடு, ஹெல்த் கார்டுக்கு எழுதிப் போடு, வங்கிக் கணக்கு தொடங்கு, நவம்பருக்குள் நல்ல பனிச்சட்டை வாங்கு. எல்லாம் தேவைதான். ஆனால் அந்த அட்டைகள் எல்லாம் கைக்கு வந்த பிறகும் எனக்கு இந்த நாடு பிடிபடவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதை நினைத்துச் சிரிப்பார், எதை நினைத்து வருந்துவார் என்று தெரியாமல் எத்தனை நாள் ஓர் ஊரில் இருக்க முடியும்? அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை சில ஆவணப்படங்கள், சில கதைப்படங்கள், சில இசை ஆல்பங்கள். இன்றும் என் மனசுக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். மேலே குடியிருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா, தொண்ணூறுகளில் வந்தவர். ஒருநாள், “தம்பி, வேலை இல்லாத நாளில உள்ளுக்கையே கிடக்காதேங்கோ. லைப்ரரிக்குப் போய் ஒரு கார்ட் எடுங்கோ, காசு ஒண்டும் கேக்க மாட்டினம்” என்றார். “சரிக்கா” என்று போனேன். டொராண்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுக்க நூறு கிளைகள். எங்கள் பக்கத்துக் கிளையில் தமிழ்ப் புத்தகங்களுக்குத் தனி அலமாரியே இருந்தது. அதைத் தேடிப் போனவன், அடுத்த அலமாரியில் இருந்த டிவிடிகளையும் சிடிகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு வாசல் நேஷனல் ஃபிலிம் போர்டு. 1939-இல் அரசு தொடங்கிய திரைப்பட வாரியம் இது. ஜான் கிரியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் முதல் தலைவர். அது எடுத்த படங்களில் ஆயிரக்கணக்கானவற்றை இன்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மக்கள் வரிப்பணத்தில் எடுத்தது மக்களுக்கே திரும்பி வருகிறது. அரசுப் பணத்தில் எடுத்த படங்களில் அரசையே கேள்வி கேட்கும் படங்களும் இருப்பதைப் பார்த்தபோது இந்த நாட்டின் மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது.

முதலில் பார்த்தது நார்மன் மெக்லாரனின் ‘நெய்பர்ஸ்’. 1952-இல் வந்தது, எட்டு நிமிடம், வசனமே கிடையாது. அடுத்தடுத்த வீட்டுக்காரர் இருவரின் எல்லையில் ஒரு பூ முளைக்கிறது. அது யாருடையது என்று தொடங்கும் சண்டையில் வேலி வருகிறது, அடிதடி வருகிறது, கடைசியில் இரண்டு சவக்குழிகள். உயிருள்ள மனிதர்களையே பொம்மைகளைப் போல அசைவு அசைவாகப் படம் பிடித்திருக்கிறார். இந்த ஊர் ஆங்கில உச்சரிப்புக்குக் காது பழகாத காலத்தில் முழுசாகப் புரிந்த முதல் கனடியப் படம் அதுதான்.

அப்புறம் ‘த ஸ்வெட்டர்’, 1980. ரோக் காரியே எழுதிய கதை, பத்து நிமிட அனிமேஷன். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பையன்கள் அத்தனை பேரும் மாண்ட்ரியல் அணியின் மொரீஸ் ரிச்சர்டைப் போல ஒன்பதாம் எண் போட்ட உடுப்பில் ஹாக்கி ஆடுகிறார்கள். ஒருவனுக்கு மட்டும் தபாலில், ஆங்கிலம் பேசும் ஊரான டொராண்டோவின் அணி போடும் நீல ஸ்வெட்டர் வந்துவிடுகிறது. அம்மா அதைத் திருப்பி அனுப்ப மறுக்கிறார். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எந்தக் குடியுரிமைத் தேர்வுப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையின் வரிகள் ஒரு காலத்தில் ஐந்து டாலர் நோட்டிலேயே அச்சாகியிருந்தன.

சரி, இனி கனமான இடத்துக்கு வருகிறேன்.

அலானிஸ் ஓபோம்சாவின் எடுத்த ‘கானெசடாகே: 270 இயர்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ 1993-இல் வந்தது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஓபோம்சாவின் அபெனாகி பூர்வகுடியைச் சேர்ந்தவர், 1932-இல் பிறந்தவர், இதுவரை ஐம்பதுக்கு மேல் படங்கள் எடுத்திருக்கிறார். மாண்ட்ரியலுக்கு அருகில் ஓகா என்ற சிற்றூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்கத் திட்டம் போடுகிறார்கள். அதற்காகக் குறிவைத்த பைன் தோப்பு மோஹாக் என்ற பூர்வகுடி மக்களுடையது, பக்கத்தில் அவர்களுடைய முன்னோரைப் புதைத்த இடுகாடு. அவர்கள் பாதையை மறிக்கிறார்கள். 1990 ஜூலை 11 அன்று போலீஸ் உள்ளே நுழைகிறது, துப்பாக்கிச் சூட்டில் போலீஸ்காரர் ஒருவர் இறக்கிறார். பிறகு ராணுவமே வருகிறது. 78 நாள் அந்த முற்றுகை நீண்டது. ஓபோம்சாவின் முள்கம்பிக்கு உட்புறம், முற்றுகையிடப்பட்ட மக்களோடு தங்கிப் படம் எடுத்தார்.

அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மோதல் காட்சிகளை அல்ல. முள்கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு மோஹாக் இளைஞர், அந்தப் பக்கம் ஒரு ராணுவ வீரர், இருவர் முகத்திலும் தூக்கமில்லாத களைப்பு. கேமரா அவசரப்படாமல் அங்கேயே நிற்கிறது. செய்தித் தொலைக்காட்சி ஒருநாளும் அப்படி நிற்காது. படத்தின் தலைப்பில் உள்ள 270 வருடத்துக்கும் கணக்கு இருக்கிறது. அந்த நிலத்தை அவர்களிடமிருந்து எப்படி எப்படியெல்லாம் எடுத்தார்கள் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து எடுத்துச் சொல்கிறார்.

இந்தப் படத்தை மேல்வீட்டு அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். கவச வண்டிகள் ஊருக்குள் வரும் காட்சியில் அவர், “கனடாவிலயுமோ தம்பி?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் எழுந்து போகவில்லை, கடைசிவரை பார்த்தார். அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு அடியில் இருக்கும் மண் யாருடையது என்று நாங்கள் இருவரும் அடிக்கடி பேசிக்கொண்டோம். இங்கே கூட்டங்களின் தொடக்கத்தில், இந்த நிலம் இன்ன பூர்வகுடியினருடையது என்று ஓர் அறிவிப்பு வாசிப்பார்கள். வந்த புதிதில் அது எனக்கு வெறும் சடங்கு. இந்தப் படத்துக்குப் பிறகு அதைக் காது கொடுத்துக் கேட்கிறேன்.

அதோடு சேர்த்தே ஓர் ஆல்பத்தைச் சொல்ல வேண்டும். ‘சீக்ரெட் பாத்’, 2016. கோர்ட் டவுனி ‘த ட்ராஜிக்கலி ஹிப்’ என்ற ராக் குழுவின் பாடகர். அந்தக் குழு இங்கே எவ்வளவு ஆழமாக ஊறிப் போனது என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் புரிய நாளாகும். அவருக்கு மூளையில் குணமாகாத புற்றுநோய் என்று அறிவித்த பிறகு, 2016 ஆகஸ்ட் 20 அன்று சொந்த ஊரான கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி நடந்தது. கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி அதை நேரடியாக ஒளிபரப்பியது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள், கனடியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

மிச்சமிருந்த நாட்களில் அவர் வெளிக்கொண்டுவந்த ஆல்பம் ஒரு சிறுவனைப் பற்றியது. சேனி வென்ஜாக், 12 வயது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்கள் மொழியையும் வழக்கத்தையும் மறக்கடிப்பதற்காக நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஒன்றிலிருந்து 1966 அக்டோபரில் அவன் தப்பி ஓடினான். வீடு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ரயில் பாதையோடு நடந்தால் வீடு வரும் என்று நடந்தான். மெல்லிய மேல்சட்டை ஒன்று, சட்டைப்பையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகள். குளிரில் பாதையோரமே இறந்து கிடந்தான். இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு 1,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அனுப்பப்பட்டார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான்.

பத்துப் பாட்டுகள். பியானோவும் கிதாரும் அதிகம் பேசுவதில்லை, டவுனியின் குரல் சில இடங்களில் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கிறது. ஜெஃப் லெமயர் வரைந்த படக்கதைப் புத்தகம் இதனோடு வந்தது. அதில் பையனின் நடைக்கு நீலமும் கறுப்பும்தான், வீட்டின் நினைவு வரும் பக்கங்களில் மட்டும் மற்ற நிறங்கள். ஒன்டாரியோவின் குளிர் எப்படியிருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு இதைக் கேட்பது வேறு அனுபவம். பேருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானாலே எனக்கு விரல் மரத்துப் போகும் குளிர் அது. அந்தப் பள்ளிகளின் குழந்தைகளை நினைத்துச் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை அணியும்போது என் மனதில் வருவது இந்த ஆல்பம்தான்.

குளிர் என்றதும் ஜோனி மிட்சலின் ‘ப்ளூ’ நினைவுக்கு வருகிறது. 1971-இல் வந்த ஆல்பம். சஸ்காட்சுவான் சமவெளியில் வளர்ந்து கலிஃபோர்னியாவுக்குப் போனவர். அதில் ‘ரிவர்’ என்றொரு பாட்டு. கிறிஸ்துமஸ் வருகிறது, இங்கே பனி விழுவதில்லை, சறுக்கிக்கொண்டே தப்பித்துப் போக உறைந்த ஆறு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். வெயிலை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த நான், வெயிலில் உட்கார்ந்து உறைந்த ஆற்றை நினைத்து ஏங்கும் ஒருவரின் குரலைக் கேட்டேன். இந்தப் பனியும் யாரோ ஒருவருக்குப் பிறந்த ஊர் வாசனை என்று அதுவரை தோன்றியதே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, இரவல் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு பனித்தளத்தில் இறங்கினேன். அதற்குக் காரணம் அந்தப் பாட்டுத்தான்.

பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் டொராண்டோக்காரர். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்ற இசைத் தொகுப்பை அவர் இரண்டு முறை பதிவு செய்தார். 1955-இல், 22 வயதில், 38 நிமிடம். 1981-இல் 51 நிமிடம். பலரும் முதல் பதிவின் வேகத்தைப் புகழ்வார்கள். எனக்கு இரண்டாவதுதான். ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் விட்டு வாசிக்கிறார், கூடவே தன்னையறியாமல் முணுமுணுத்துப் பாடுவதும் கேட்கிறது. நம் கச்சேரியில் ஒரு குரல் போகும் வழியிலேயே வயலினும் போகும். இங்கே இரண்டு மூன்று வழிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எதைப் பின்தொடர்வது என்று தவித்த காது, மெதுவாக எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கப் பழகியது.

ஆனால் கூல்டிடம் எனக்கு மிகவும் பிடித்தது பியானோ அல்ல, 1967-இல் சிபிசி வானொலிக்காக அவர் செய்த ‘த ஐடியா ஆஃப் நார்த்’ என்ற ஒலி ஆவணம். கனடாவின் குளிர்ந்த வடபகுதிக்குப் போய் வாழ்ந்த ஐந்து பேர் பேசுகிறார்கள், அடியில் ரயில் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் தொடங்குகிறார், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. மேடைக் கச்சேரிகளை 1964-இலேயே விட்டுவிட்டுத் தனிமையைத் தேடிக்கொண்டவர் செய்த நிகழ்ச்சி அது. தனியாக ஒரு நாட்டுக்கு வந்தவர்கள் அதை ஹெட்போனில் கேட்க வேண்டும்.

நான் கேட்ட வடக்கு, வெளியிலிருந்து போனவர்களின் வடக்கு. அங்கேயே பிறந்தவர்களின் வடக்கைக் காட்டியது சக்கரியாஸ் குனுக்கின் ‘அடனார்ஜுவாட்’, 2001. வடபகுதியின் இனுயிட் மக்கள் பேசும் இனுக்டிடுட் மொழியில் முழுக்க எடுத்த முதல் கதைப்படம், கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான காமெரா டோர் விருது பெற்றது. குனுக் தான் செதுக்கிய சிற்பங்களை விற்ற காசில் முதல் வீடியோ கேமரா வாங்கியவர். பழைய இனுயிட் கதை ஒன்றை அந்த ஊர் மக்களே நடித்துச் சொல்கிறார்கள். கொல்ல வருகிறவர்களிடமிருந்து தப்பி, உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல் கடல் பனிமேல் ஒருவன் ஓடுகிறானே, அந்த ஓட்டம் பார்த்தவர்களுக்கு மறக்காது. எனக்கு அதைவிட மறக்காதது பனிக்கட்டி வீடான இக்ளூவுக்குள் விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் சாப்பிட்டு, சிரித்து, கிண்டல் செய்து வாழும் நேரங்கள். பனி அவர்களுக்கு எதிரி அல்ல, வீடு.

மொழி பற்றிப் பேசும்போது பாடகர் ஜெரமி டச்சரை விட முடியாது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் டோபிக் பூர்வகுடியில் பிறந்தவர், மேற்கத்திய செவ்வியல் முறையில் பயின்ற டெனர் என்ற உச்ச ஆண் குரல். அவருடைய வொலஸ்டொக் மொழியை இன்று பேசுகிறவர்கள் நூறு பேர் அளவில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெழுகு உருளைகளில் பதிவான தம் முன்னோரின் பாட்டுகளை அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து கேட்டு, அந்தப் பழைய குரல்களோடு சேர்ந்தே பாடி 2018-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். அது அந்த வருடத்தின் பொலாரிஸ் என்ற கனடிய இசை விருதைப் பெற்றது. கரகரவென்று ஒரு முதியவர் பாட, அவருக்குப் பதில் சொல்வதுபோல் பியானோ எழுகிறது. பேசக் கோடிக்கணக்கானோர் உள்ள மொழியைக் கொண்டுவந்த நாம், வீட்டில் பிள்ளைகளிடம் அதைப் பேச யோசிக்கிறோம். டச்சரைக் கேட்ட பிறகு என்னால் அப்படி யோசிக்க முடியவில்லை.

எங்கள் ஆட்களின் கதையும் இங்கே படமாகியிருக்கிறது. லெனின் எம். சிவத்தின் ‘1999’, 2009-இல் வந்த தமிழ்ப் படம், டொராண்டோ தமிழ் இளைஞர்களின் குழுச் சண்டைகளைப் பற்றியது. ‘ஸ்கார்பரோ’ 2021-இல் வந்தது, மூன்று ஏழைக் குழந்தைகளைச் சுற்றிய கதை. நான் தினமும் நடக்கும் தெருக்களைத் திரையில் பார்த்தபோது நெஞ்சு விம்மியது.

இப்போதுதான் வந்திறங்கியவர் யாராவது எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஃபிலிப் ஃபலார்தோவின் ‘மொஸ்யோ லஸார்’ படத்தைக் கொடுக்கிறேன். 2011, பிரெஞ்சுப் படம், சப்டைட்டில் உண்டு. அல்ஜீரியாவிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் ஒருவர், ஆசிரியையை இழந்து நிற்கும் மாண்ட்ரியல் வகுப்பறை ஒன்றுக்குப் பாடம் எடுக்க வருகிறார். அவருக்கும் துக்கம், பிள்ளைகளுக்கும் துக்கம், யாரும் அதைப் பேசுவதில்லை. விசாரணை அறையில் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு மேல்வீட்டு அக்கா தன் விசாரணை நாளைப் பற்றி முதல்முறையாக என்னிடம் பேசினார். அதைப் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்ததாக ஓபோம்சாவின் எடுத்த ‘கானெசடாகே’. ‘அடனார்ஜுவாட்’ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும், அதை மட்டும் ஜனவரியில் ஒரு விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.