போயிட்டு வரேன், இத்தெகிமாஸ்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை ஆனால் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஜூமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒசாகாவில் அப்போது இரவு ஒன்பது மணி. அங்கிருந்து ஒரு நர்ஸ், வேலை முடிந்து, குளித்துவிட்டு, கையில் டீயோடு வந்து உட்காருவார். முதல் அரை மணி தமிழ், அடுத்த அரை மணி ஜப்பானிய மொழி. யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டாவது மாதத்திலேயே என்னை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பத்தில் ரொம்பத் திணறினோம். நான் பேசப் பேச அவர் "ஹாய்... ஹாய்... ஸோ தெஸ் நே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். 'ஆமாம்... அப்படித்தான் இல்ல' என்கிற மாதிரி. ஜப்பானில் இதற்கு அய்சுச்சி என்று பெயர். நம் ஊரில் பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டுவோமே, அதேதான். நேரில் என்றால் இனிமையாக இருக்கும். நெட்டில் குரல் கொஞ்சம் தாமதமாக வருவதால், அவருடைய "ஹாய்" என் அடுத்த வார்த்தையின் மேல் வந்து விழும். ஏதோ கேட்க வருகிறார் என்று நான் நிறுத்துவேன், அவரும் நிறுத்துவார். "சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்றே நேரம் போகும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். அந்த "ஹாய்" எல்லாம் "புரிகிறது" என்று நினைத்து ஆறு வாரம் பாடத்தை ஓட்டிவிட்டேன். பிறகு கேட்டால், "கேட்டுக்கிட்டு இருக்கேன்னுதான் சொன்னேன், புரிஞ்சுதுன்னு சொல்லலை" என்றார். என் பக்கமும் அதே கதைதான். சரியான பதிலுக்கு நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட, தப்பு என்று நினைத்து, சரியாகச் சொன்னதையே மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார் பாவம். இப்போது அவர் மைக்கை அணைத்துவிட்டு உம் கொட்டுகிறார். நான் "சரி" என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

பிறகுதான் கல்ச்சுரா பற்றித் தெரியவந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1997இல் கில்பெர்ட் ஃபுர்ஸ்டன்பெர்க்கும் சக ஆசிரியர்களும் தொடங்கிய முறை. அமெரிக்க மாணவர்களிடமும் பிரெஞ்சு மாணவர்களிடமும் ஒரே சொல்லைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை அவரவர் மொழியில் எழுதச் சொன்னார்கள். இரண்டு பதில்களும் இணையத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரும். 'தனிமனிதவாதம்' என்றால் அமெரிக்கர்களுக்குச் சுதந்திரம் ஞாபகம் வந்தது, பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுயநலம். அகராதியில் இரண்டும் ஒரே சொல்தான். அவரவர் மொழியிலேயே எழுதலாம் என்றதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் எழுதச் சொன்னால், மனதில் இருப்பதை விட்டுவிட்டு, தெரிந்த சொல்லைத்தானே எழுதுவோம்?

நாங்களும் கூகுள் டாக்ஸில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டோம். 'விருந்தாளி' என்பதற்கு நான் எழுதியது: சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க", ராத்திரி தங்கல். அவர் எழுதியது: முன்கூட்டியே நாள் கேட்பவர், சின்னப் பரிசு, சரியான நேரத்தில் கிளம்புபவர். 'நன்றி' என்பதற்கு நான் மேடை, மைக், கடிதத்தின் கடைசி வரி என்று எழுதியிருந்தேன். அவர் பத்தியின் முதல் வரியே 'அம்மா சமையல்'. "நீங்க அம்மாவுக்கு நன்றி சொல்ல மாட்டீங்களா அக்கா?" என்று கவலையோடு கேட்டார். சொன்னால் எங்கள் அம்மா, "ஏன்டி, யாரோ மாதிரி பேசறே?" என்று வருத்தப்படுவாள் என்றேன். 'ரெண்டு இட்லி கூட வை' என்று தட்டை நீட்டுவதுதான் எங்கள் நன்றி என்று புரியவைக்க அன்றைய தமிழ் அரை மணி முழுக்கப் போயிற்று. அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை.

ஒருநாள் முடிக்கும்போது "அக்கா, நான் போறேன்" என்றார். பதறிப்போய், "அப்படிச் சொல்லக் கூடாதும்மா, போயிட்டு வரேன்னு சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சாட்டில் எழுதினார்: இத்தெகிமாஸ். 'இத்தே' போய், 'கிமாஸ்' வருகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வார்களாம். வீட்டில் இருப்பவர் "இத்தெரஷ்ஷாய்" என்பார், அதாவது போயிட்டு வாங்க. தனியாக இருப்பதால் தனக்கு அதைச் சொல்ல ஆளில்லை என்றார்.

போன வாரம் அவருக்கு நைட் டூட்டி. பதினைந்தே நிமிடம்தான் பேசினோம். போனைச் செருப்பு அலமாரி மேல் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து ஷூ மாட்டினார். நிமிர்ந்து, "அக்கா, போயிட்டு வரேன்" என்றார். 'ழ' இன்னும் வரவில்லை, ஆனால் இதில் ஒரு பிசிறு இல்லை.

"இத்தெரஷ்ஷாய்" என்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை லைனிலேயே இருந்தேன்.