பெரிய வாள்: பழியை -2 மேல் போட்டது என் தப்பு

எங்கள் கற்பனைச் சாகச விளையாட்டில், அளவுக்கு மீறிய வாள் பிடித்தால் அடி படுமா என்று உருட்டும் எண்ணில் 2 குறையும். அந்த -2ஐ எடுத்துவிடும் வீட்டு விதியை (நாங்களே வைத்துக்கொண்டது) மூன்று ஞாயிறு ஆடிப் பார்த்து, நேற்று ராத்திரி ரத்து செய்துவிட்டேன். ரத்து செய்த பிறகுதான் கணக்குப் போட்டேன். பிரச்சினை அப்படியே இருக்கிறது!

நாங்கள் இன்னும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய 3.5 பதிப்பை விடவில்லை; ஆட்டத்தை நடத்துவது நான். பார்பேரியன் (வெறி வந்து சண்டை போடும் வீரன்) ஆடும் தம்பிக்கு ஆளைவிடப் பெரிய வாள் வேண்டும், அதற்காகவே மங்கி கிரிப் என்ற ஃபீட்டை (பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தனித்திறன்) எடுத்திருந்தான். அந்த ஃபீட்டின் லட்சணம் தெரிந்ததுதான். லார்ஜ் (ஓர் அளவு பெரிய) கிரேட்ஸ்வார்டில், அதாவது இரண்டு கை வாளில், சேதத்துக்கு 2டி6 (இரண்டு ஆறுமுக டைஸ்) போய் 3டி6 வரும், சராசரி மூன்றரை கூடும், அதற்குத் தாக்குதலில் -2 கட்ட வேண்டும். அதே -2ஐப் பவர் அட்டாக்கில் (குறியை விட்டுக்கொடுத்துப் பலத்தைக் கூட்டும் ஃபீட்) போட்டால் இரண்டு கை ஆயுதத்துக்குச் சேதத்தில் +4. ஃபீட் இல்லாமல் லார்ஜ் லாங்ஸ்வார்டை (சாதா அளவில் ஒரு கை வாள்) இரண்டு கையால் தூக்குவது அதைவிடக் கேவலம்: 2டி6தான், அதற்கும் -2. “அண்ணா, இதுக்கு நான் சாதா வாளே வச்சிருப்பேன்ல” என்றான். பாவமாக இருந்தது. -2ஐ எடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு ஞாயிறு ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் லெவல், ரேஜில் (பார்பேரியனின் வெறி) ஸ்ட்ரெங்த் 22, அதற்குச் சேதத்தில் +9. சாதா கிரேட்ஸ்வார்டில் 2டி6+9, சராசரி 16. ஓகர் என்ற ராட்சதனுக்கு 29 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), இரண்டு அடியில் விழும். பெரிய வாளில் பத்தொன்பதரை, அதுவும் இரண்டு அடிதான். பார்த்தீர்களா, ஒன்றும் கெடவில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு சார்சரர் (மந்திரவாதி) ஆடுபவர் அவன்மேல் ஆளைப் பெருக்கும் என்லார்ஜ் பெர்சன் மந்திரம் போட்டார். ஆள் பெருத்தால் கையில் இருப்பதும் பெருக்கும். ஏற்கெனவே லார்ஜ் வாள், அது அடுத்த அளவான ஹியூஜ் ஆகி 4டி6. ஸ்ட்ரெங்த் 24, பவர் அட்டாக்கில் இரண்டு, மொத்தம் 4டி6+14. எங்களிடம் நாலு டி6 இல்லை, லூடோ பெட்டியிலிருந்து இரண்டு எடுத்தோம். டைஸில் விழுந்தது 17, மொத்தம் 31. முழுசாக இருந்த ஓகர் ஒரே அடியில் காலி, அடுத்த சுற்றில் இன்னொன்று. நான் ஒரு மணி நேரம் வரைந்த குகை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

(போன மாதம் இணையத்தில் வாங்கிய டைஸ் செட்டில் டி20இல் 14 இரண்டு முறை இருந்தது, 7ஐக் காணோம். மாற்றித் தருகிறோம் என்றவர்கள் இன்னும் அனுப்பவில்லை. கையோடு டி6 மட்டும் ஒரு டஜன் வாங்க வேண்டும்.)

சரி, கணக்கு. 4டி6+14இல் ஓகரை ஒரே அடியில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர டைஸில் 15 வேண்டும். அடி பட்டால், கிரிட்டிக்கலை (சேதம் பெருகும் அதிர்ஷ்ட அடி) சேர்க்காமலே, நூற்றுக்கு 44 தடவை அது வரும். சாதா கிரேட்ஸ்வார்டோடு பெருத்திருந்தால் 3டி6இல் அதே 15, நூற்றுக்கு 9தான். இப்போது -2ஐத் திரும்பப் போடுகிறேன். ஓகரின் ஏசி (தற்காப்பு எண்) 16க்கு 70 சதவீதம் பட்ட அடி 60 ஆகிறது. ஒரு வீச்சில் ஓகர் பூஜ்யத்துக்கு வரும் வாய்ப்பு 31இலிருந்து 27க்கு இறங்குகிறது. அவ்வளவுதான்! இதற்காகவா தம்பியிடம் முகத்தைக் காட்டினேன்?

ஒரு படி ஃபீட், இன்னொரு படி மந்திரம் என்று டைஸ் இரண்டு தடவை ஏறுவதுதான் வினை. ஐந்தாம் பதிப்பில் பெருத்தால் 1டி4 மட்டும் கூடும். அதை இங்கே ஒட்டினால் 3டி6+1டி4, 44 என்பது 32 ஆகிறது. பாதி வைத்தியம். டைஸ் ஒரு படிக்கு மேல் ஏறக் கூடாது, ஃபீட்டோ மந்திரமோ ஒன்றைத் தேர்ந்தெடு என்று வைத்தால் மறுபடி 9. அடுத்த ஞாயிறு அதைத்தான் போடப் போகிறேன், -2 இல்லாமல்.

அதற்குள் ஹாஃப்லிங் ரோக் (குள்ள இனத்துத் திருடன்) ஆடுபவர் கொடியைத் தூக்கிவிட்டார். மனிதனின் ஷார்ட் ஸ்வார்டும் 1டி6, ஹாஃப்லிங் அளவுக்கு அடித்த ஸ்மால் லாங்ஸ்வார்டும் 1டி6, இரண்டுக்கும் கிரிட்டிக்கல் 19-20. முன்னதை எடுத்தால் மட்டும் அளவு பொருந்தவில்லை என்று -2 ஏன் என்கிறார். முந்தைய 3.0 பதிப்பில் அந்த ஷார்ட் ஸ்வார்டை அப்படியே ஒரு கையில் பிடித்து ஆடியிருக்கலாம். இந்த -2ஐயும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் இந்தத் தடவை கணக்கு முதலில்.