மாடியில் அடீனியம்: விதை முதல் ஒட்டு வரை

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியப் பூச்செடிக்கு வெயில் எவ்வளவு கொடுத்தாலும் தகும். மழை கொஞ்சம் கூடினாலும் ஆகாது. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களும் அரேபியாவும் இதன் தாயகம். அதனால் சென்னையின் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மற்ற செடிகள் துவளும்போது இது மட்டும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. இதற்குச் சோதனை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான்.

நான் விதையிலிருந்து தொடங்கினேன். கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும். ஆனால் அடித்தண்டு பருத்துத் திரளும் அழகு விதைச் செடியில்தான் இயல்பாக வரும்; எனக்குப் பூவைவிட அதன்மீதுதான் ஆசை. புது விதையாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். தாய்ச்செடியின் நிறமே வரும் என்று நம்ப முடியாது. என் செடி ஓராண்டு கடந்து பூத்தபோது ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடு வெளுப்பாகவும் இருந்தது. எனக்கு அதில் நிறைவே.

மண் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலைச் சலித்துத் தூசியை நீக்கி, கப்பியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதோடு உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு, மட்கிய தொழு உரம், கரித்துண்டு. ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் உடனே அடித்துளை வழியாக ஓட வேண்டும். வெறும் செம்மண் மழையில் இறுகிவிடும். அதில் வேர் மூச்சுவிட வழியில்லை.

மழை தொடங்கியதும் தொட்டிகளை மாடிப்படிக் கூரையின் கீழே நகர்த்திவிடுகிறேன். காலையில் அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கல்லாக இருந்தால் நலம். சென்ற கார்த்திகையில் ஒரு செடி ஒரு பக்கம் மட்டும் அமுங்கியது. பிடுங்கி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் சீவிக்கொண்டே போனேன். பழுப்பு நிறம் முற்றிலும் மறைந்து வெள்ளைச் சதை தெரிந்த பிறகே நிறுத்தினேன். பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, வெட்டு நன்றாகக் காயும்வரை நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, உலர்ந்த கலவையில் மறுபடி நட்டேன். தை மாதம் துளிர்த்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. செடிக்கு அது தனி முகம் கொடுத்திருக்கிறது.

வெட்டும்போது கையுறை அவசியம். இது அரளிக் குடும்பம், சாறு நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவிய நஞ்சு இது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

அந்த நஞ்சையே தின்று வளரும் புழு ஒன்றும் உண்டு. ஒரு நாள் கிளைகள் மொட்டையாக நின்றன. தரையில் மிளகு போல எச்சம். தேடியபோது விரல் பருமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள். அவை கண்கள் அல்ல, எதிரிகளை மிரட்டும் புள்ளிகள். அரளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு அது. மருந்து அடிக்க மனம் வரவில்லை. எடுத்துத் தெருவோர அரளியில் விட்டேன்.

மாசியில் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. பூ கிளை நுனியில்தான் வருகிறது. ஒரு வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வந்தால் பூவும் அந்த அளவுக்குப் பெருகும். தொட்டி மாற்றும்போதெல்லாம் செடியை ஓர் அங்குலம் உயர்த்தி நடுகிறேன். தடித்த வேர்கள் வெளியே தெரிந்து அடி அகலமாகத் தோன்றுகிறது. உரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்து, சாம்பல் சத்துக்கு (பொட்டாஷ்) முன்னுரிமை.

இந்த ஆண்டின் புது முயற்சி ஒட்டு. அடுக்குப்பூ ரகத்தின் நுனியை ஆப்பாகச் சீவி, விதைச் செடியின் பிளந்த கிளையில் செருகி, நாடா சுற்றி, பாலித்தீன் உறை மாட்டினேன். பங்குனி வெயிலில் சாறோட்டம் நன்றாக இருக்கும் என்பதால் அப்போதே செய்தேன். மேல்துண்டு சுருங்காமல் பச்சையாகவே இருக்கிறது. நுனியில் புது இலை விரிகிறது. ஒட்டுக்குக் கீழே தலைகாட்டும் விதைச் செடியின் துளிர்களை உடனுக்குடன் கிள்ளி வருகிறேன்.