ஒரு பூ பென்டிரைவ் ஏறும் வரை

ஜூலை 3, 2025

எம்ப்ராய்டரி டிசைன் ஃபைலைத் தேடி, மாற்றி, மெஷினில் ஏற்றித் தைப்பது பற்றிய இந்தக் குறிப்புகள் இரண்டு மெஷின்களை வைத்து எழுதப்படுகின்றன. ஒன்று 100 × 100 மி.மீ. ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) உள்ள ஒற்றை ஊசி ப்ரதர். மற்றது 200 × 280 மி.மீ. வரை தைக்கும் ஜனோம் மெமரி கிராஃப்ட் 450இ.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எம்ப்ராய்டரி ஃபைல் ஒரு படம் அல்ல. ஊசி எந்தப் பக்கம் எத்தனை மி.மீ. நகர வேண்டும், எங்கே நின்று நூல் மாற்ற வேண்டும் என்ற கட்டளைகளின் வரிசைதான் அது. அதனால் கூகுளில் எடுத்த மயில் படத்தின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் வாலை பிஇஎஸ் என்று மாற்றினால் மெஷின் அதைச் சீண்டாது. டிஎஸ்டி ஃபைலின் வாலை ஜெஇஎஃப் ஆக்கினாலும் கதை அதேதான். பெயர் மாற்றுவது வேறு, ஃபைலை மாற்றுவது வேறு.

ப்ரதரும் பேபி லாக்கும் பிஇஎஸ் கேட்கும். ஜனோம் ஜெஇஎஃப் கேட்கும். ஹஸ்க்வர்னா வைகிங், பிஃபாஃப் இரண்டுக்கும் விபி3, பெர்னினாவுக்கு இஎக்ஸ்பி. கடைகளில் ஓடும் பல ஊசி மெஷின்களின் பொதுமொழி டஜிமாவின் டிஎஸ்டி. புது வீட்டு மெஷின்கள் பலவும் அதைப் படிக்கும்.

ஜூலை 5

டிசைன் தேடல். விற்கும் தளங்களில் வாங்கினால் தலைவலி குறைவு. ஐப்ராய்டரி, எம்ப்ராய்டரி லைப்ரரி போன்றவற்றில் அளவு, ஸ்டிச் எண்ணிக்கை, நூல் நிறப் பட்டியல் எல்லாம் வாங்குவதற்கு முன்பே கண்ணில் படும். ஃபைல் வகையைக் கவனித்து எடுங்கள்.

நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் வேறு வழி. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘பிளவுஸ் டிசைன் 5000’ என்று ஒரு மூட்டை வரும். அதில் இருப்பவை இஎம்பியும் டிஎஸ்டியும். இஎம்பி என்பது வில்காம் மென்பொருளின் மூல ஃபைல், எந்த வீட்டு மெஷினும் அதைப் படிக்காது. டிஎஸ்டியோ பெரிய மெஷினுக்காகப் போட்டது. கழுத்து டிசைன் 350 மி.மீ. அகலம் இருக்கும். சமிக்கி வைக்கும் கட்டளையும் உள்ளே இருந்தால் வீட்டு மெஷினில் அந்த இடங்கள் காலியாகத்தான் கிடக்கும், சமிக்கி போடும் கருவி அதில் இல்லையே. 5000-இல் நம் ஹூப்புக்கு உருப்படியாக ஐம்பது தேறினால் பெரிது.

தைத்த துணியை விற்கலாமா, ஃபைலைப் பகிரலாமா என்பதை விற்பவரின் நிபந்தனையில் படியுங்கள். துணியை விற்க அனுமதிப்பவர்கள் நிறைய. ஃபைலைக் கைமாற்ற அனுமதிப்பவர்கள் குறைவு. கார்ட்டூன் பொம்மைகள் தனி வம்பு, விற்பனைக்கு வேண்டாம்.

ஜூலை 8

டிஎஸ்டியை எந்த மென்பொருளும் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. அதை நோட்பேடில் திறக்கலாம். முதல் 512 பைட் தலைப்பு, படிக்கிற மாதிரி இருக்கும். பின்னால் வருவது குப்பை எழுத்துபோலத் தெரியும், அதைத் தொட வேண்டாம். பார்த்துவிட்டு சேமிக்காமல் மூட வேண்டும். தவறிச் சேமித்தால் ஃபைல் கெட்டுவிடும், ஆகவே நகலை மட்டும் திறங்கள்.

தலைப்பில் எல்ஏ என்ற இடத்தில் டிசைன் பெயர். எஸ்டி என்றால் ஸ்டிச் எண்ணிக்கை. சிஓ என்றால் நிற மாற்றம். 4 என்று இருந்தால் நூல் 5, ஏனென்றால் அது மாற்றங்களைத்தான் எண்ணுகிறது. அடுத்து கூட்டல் எக்ஸ், கழித்தல் எக்ஸ், கூட்டல் ஒய், கழித்தல் ஒய். இவை 0.1 மி.மீ. கணக்கில், ஆரம்பப் புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் எவ்வளவு தூரம் என்று சொல்கின்றன. கூட்டல் எக்ஸ் 478, கழித்தல் எக்ஸ் 478 என்றால் மொத்தம் 956, அதாவது 95.6 மி.மீ. அகலம். 100 ஹூப்பில் உட்காரும்.

ஃபைலை வகை மாற்றும் ஒழுங்கற்ற மென்பொருள்கள் தலைப்பைத் தப்பாக எழுதுவதுண்டு. சந்தேகம் வந்தால் ஃபைல் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் 3 பைட். 25,811 பைட் உள்ள ஃபைலில் 512 போனால் 25,299. மூன்றால் வகுத்தால் 8,433. தலைப்பில் 8,432 என்று இருந்தால் நம்பலாம், 2,000 என்று இருந்தால் நம்பக்கூடாது.

ஸ்டிச் எண்ணிக்கை தெரிந்தால் நேரமும் தெரியும். நிமிடத்துக்கு 650 ஓடும் மெஷினில் 13,000 ஸ்டிச் என்றால் வெறும் ஓட்டமே 20 நிமிடம். நூல் மாற்றும் நேரம் தனி. அதுதான் உண்மையில் பொழுதைத் தின்பது.

ஜூலை 9

‘4க்கு 4’ என்று போட்ட டிசைன் 100 மி.மீ. ஹூப்பில் திறக்கவில்லை என்ற புகார் ஓயாது. காரணம் சின்னது. 4 அங்குலம் என்பது 101.6 மி.மீ. அந்த 1.6-க்காக மெஷின் ஃபைலைக் காட்டாமலே விடும், அல்லது பெரிதாக இருக்கிறது என்று மறுக்கும். 98 மி.மீ. ஆகக் குறைத்தால் மூன்றரை சதவீதம்தான், தையலில் வித்தியாசம் தெரியாது. 5க்கு 7 அங்குலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ப்ரதரின் அந்த ஹூப் 130 × 180, டிசைன் 127 × 177.8. ஆனால் படுக்கைவாக்கில் போட்ட டிசைனை 90 டிகிரி திருப்பியாக வேண்டும். சில மெஷின்கள் தானாகத் திருப்பாது.

அளவு குறைப்பதில் எல்லை உண்டு. ஸ்டிச்சை மறுபடி கணக்கிடாமல் அளவை மட்டும் சுருக்கினால் அதே எண்ணிக்கை சின்ன இடத்தில் நெருங்கிவிடும். 40 எண் நூலுக்கு நிரப்புத் தையலின் வரிசை இடைவெளி வழக்கமாக 0.4 மி.மீ. 150 மி.மீ. டிசைனை 98-க்குக் கொண்டுவந்தால் அது 0.26 ஆகும். துணி அட்டைபோல விறைக்கும், நூல் அறும், அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டும், கடைசியில் ஊசி முறியும். பெரிதாக்கினால் எதிர்ப்பக்கம்: இடையில் துணி எட்டிப்பார்க்கும், சாட்டின் தையல் (இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி நெருக்கமாக ஓடுவது) 7 மி.மீ. தாண்டி வளையலில் மாட்டி இழுபடும். பத்து சதவீதத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுகணக்கிடும் மென்பொருள் வழியாகத்தான்.

ஜூலை 12

மாற்றும் வேலை. இலவசத்தில் இரண்டு போதும்: வில்காமின் ட்ரூசைசர், இங்க்ஸ்டிச். இஎம்பி ஃபைல் கையில் இருந்தால் ட்ரூசைசர்தான், இங்க்ஸ்டிச் அதைத் திறக்காது.

இங்க்ஸ்டிச் என்பது இங்க்ஸ்கேப்பின் மேல் ஏறும் சேர்க்கை. முதலில் இங்க்ஸ்கேப், பிறகு அதன் பதிப்புக்குப் பொருந்தும் இங்க்ஸ்டிச். டிஎஸ்டியை நேராகத் திறக்கலாம். ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கோடுகளாக வரும். முழு டிசைனையும் தேர்ந்து பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தின் நடுவைத்தான் அது ஹூப்பின் நடுவாக எடுத்துக்கொள்கிறது. மூலையில் விட்டால் ஃபைலும் மூலையிலேயே போய் உட்காரும். பிறகு நிறங்களைச் சரிசெய்து, சிமுலேட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, ‘நகலாகச் சேமி’ கொடுத்து பிஇஎஸ் அல்லது ஜெஇஎஃப் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறம் ஏன் சரிசெய்ய வேண்டும்? டிஎஸ்டியில் நிறமே கிடையாது. ‘இங்கே நில்’ என்பது மட்டும்தான் உண்டு. அதனால் திரையில் பச்சை மயில் ஊதா, ஆரஞ்சு என்று கோமாளியாக நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். தைக்கும்போது நாம் மாட்டும் நூல்தான் நிறம். திரையில் சரியாகத் தெரிந்தால் நூல் வரிசை குழம்பாது, அவ்வளவுதான்.

நூல் வெட்டு இன்னொரு பள்ளம். டிஎஸ்டியில் வெட்டுக்கென்று தனிக் கட்டளை இல்லை. அடுத்தடுத்துச் சில தாவல்கள் (தைக்காமல் இடம் நகர்வது) வந்தால் ‘வெட்டு’ என்று பெரிய மெஷின்கள் புரிந்துகொள்ளும். எத்தனை தாவலுக்கு வெட்ட வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். தாவலுக்குத் தானாக நூல் வெட்டாத வீட்டு மெஷினில் பூவுக்குப் பூ நூல் தொங்கும். வளைந்த முனைக் கத்தரி பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த நிறம் மேலே ஏறுவதற்குள் வெட்டிவிட வேண்டும், ஏறிய பிறகு எடுக்க முடியாது.

ஜூலை 15

பென்டிரைவ். பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

சின்ன பென்டிரைவ் நல்லது, 4 அல்லது 8 ஜி.பி. போதும். ஃபார்மேட் எஃப்ஏடி32. 64 ஜி.பி. வாங்கினால் அது எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட்டில் வரலாம், மெஷின் முழிக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜி.பி.க்கு மேல் எஃப்ஏடி32 காட்டாது என்பதும் இதில் ஒரு சிக்கல். கடவுச்சொல் பூட்டுள்ளது, ஹப் வழியாகச் செருகுவது, இரண்டும் வேண்டாம்.

இறக்கிய ஃபைல் ஜிப்பாக இருந்தால் கணினியில் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபைலை மட்டும் போட வேண்டும். மெஷினுக்கு ஜிப் தெரியாது. ஒரே டிசைன் ஏழெட்டு வகையில் இருக்கும், நம்முடையது ஒன்றை மட்டும் எடுங்கள். ஆயிரம் ஃபைலை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் திரை நகரவே நகராது.

பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். தமிழில் ‘ரோஜா’ என்று வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. பெயர் சுருக்கமாக, அளவும் அதிலேயே: ரோஜா 98 என்கிற மாதிரி ஆங்கிலத்தில். ஆறு மாதம் கழித்து எது சுருக்கியது, எது மூலம் என்று அதுதான் சொல்லும்.

ஜனோமில் ஃபைல் வெளியே கிடந்தால் கண்ணில் படாமல் போகலாம். அது தனக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். அதன் பெயரை மாடலுக்கு மாடல் தேடி அலைய வேண்டாம். காலி பென்டிரைவை மெஷினில் செருகி, உள்ளேயே இருக்கும் ஒரு டிசைனை அதில் சேமியுங்கள். மெஷினே ஃபோல்டரை உருவாக்கிவிடும். பிறகு கணினியில் திறந்து, அந்த ஃபைல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ அதன் பக்கத்தில் நம்முடையதைப் போடுங்கள்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அது ஒவ்வொரு ஃபைலுக்கும் புள்ளி, அடிக்கோடு என்று தொடங்கும் நிழல் ஃபைல் ஒன்றை ஒளித்து வைக்கும். மெஷின் திரையில் அதே பெயரில் இரண்டு தெரிந்து, ஒன்று திறக்காவிட்டால் இதுதான் காரணம்.

ஜூலை 16

பழைய சில ப்ரதர் மாடல்களில் பென்டிரைவ் துளை கிடையாது, கேபிள்தான். கணினியில் இணைத்தால் மெஷினே ஒரு டிரைவாகத் தெரியும். ஃபைலை நகலெடுத்து, ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுத்த பிறகே கேபிளைப் பிடுங்க வேண்டும்.

ஜூலை 19

வைஃபை உள்ள ப்ரதருக்கு கணினியில் டிசைன் டேட்டாபேஸ் டிரான்ஸ்ஃபர், ஃபோனில் ஆர்ட்ஸ்பிரா. இணையவில்லை என்றால் முதலில் அலைவரிசையைப் பாருங்கள். இந்த மெஷின்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். வீட்டு ஃபைபர் ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விட்டால் தடுமாறும். ரூட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து அதில் சேருங்கள். இத்தனை செய்துவிட்டு, அவசரத்துக்குப் பென்டிரைவையே எடுப்போம் என்பது வேறு விஷயம்.

ஜூலை 22

திரையில் டிசைன் வந்துவிட்டது என்பதற்காக நேராகப் பட்டு பிளவுஸில் ஓட்டக் கூடாது. பழைய காட்டன் துணி, அடியில் ஸ்டெபிலைசர் (துணி சுருங்காமல் தாங்கும் தாள்), 75/11 ஊசி, 40 எண் நூல். ஒரு முறை முழுசாக. பின்பக்கம் திருப்பினால் சாட்டின் தையலின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் (அடி நூல்) தெரிய வேண்டும். கரையோரம் நிரப்புக்கும் அவுட்லைனுக்கும் இடையே துணி தெரிந்தால் ஃபைலைத் திட்டுவதற்கு முன் ஹூப் இறுக்கத்தையும் ஸ்டெபிலைசரையும் பாருங்கள்.

ஜரிகை நூல் என்றால் ஊசி 90/14, வேகம் 400-க்குக் கீழே. சாதா நூலுக்குப் போட்ட நெருக்கமான நிரப்பில் ஜரிகை உரிந்து உரிந்து அறும். அந்தப் பகுதிக்கு அடர்த்தி குறைவான டிசைனாகத் தேடுங்கள்.

கரண்ட் போனால் பதற வேண்டாம், ஹூப்பிலிருந்து துணியை எடுக்காதவரை காப்பாற்றிவிடலாம். ஒவ்வொரு நிறம் முடியும்போதும் ஸ்டிச் எண்ணைக் குறித்து வையுங்கள். மின்சாரம் வந்ததும் டிசைனை அதே இடத்தில் திறந்து, முன்னகர்த்தும் பொத்தானால் கடைசியாகக் குறித்த எண்ணுக்குப் போய், அங்கிருந்து தையல் நின்ற இடத்துக்குப் பத்து ஸ்டிச் முன்பு வரை நகர்த்தித் தொடங்குங்கள்.

ஜூலை 26

ஆவணி முகூர்த்தத்துக்கு பிளவுஸ் கழுத்து கேட்பார்கள். 100 ஹூப்பில் கழுத்து ஒரே மூச்சில் வராது, பிரித்தாக வேண்டும். பிரிக்கும் இடம் பூவின் நடுவில் வேண்டாம், இரண்டு பூவுக்கு இடையே உள்ள கொடியில் இருக்கட்டும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இரண்டு சின்ன கூட்டல் குறிகளை ஓடு தையலாகச் சேர்த்து, அடுத்த துண்டின் முதல் நிறமாகவும் அதே இரண்டு குறிகளை வையுங்கள். ஒரு குறி போதாது. ஒன்று இடத்தைத்தான் சொல்லும், சாய்வைச் சொல்ல இரண்டு வேண்டும்.

துண்டுகளைத் தாளில் அச்சிட்டுத் துணியில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அச்சிடும்போது 100 சதவீதம் என்று கொடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் அளவு மாறிவிடும். அச்சான தாளில் ஸ்கேல் வைத்து, 98 மி.மீ. 98 ஆகவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாளின் நடுவில் ஊசியால் குத்தி, சாக்பீஸால் துணியில் அடையாளம் போட்டு, ஹூப்பின் நடுக்கோட்டோடு சேர்க்க வேண்டும். இரண்டாவது துண்டில் ஊசியை முதல் குறியின் மேல் கையால் இறக்கிப் பார்த்து, இரண்டாவது குறிக்கு நகர்த்தி அங்கேயும் இறக்கிப் பாருங்கள். ஒன்றில் பொருந்தி மற்றதில் அரை மி.மீ. தள்ளி விழுந்தால் துணி ஹூப்பில் சாய்ந்திருக்கிறது. திரையில் டிசைனைச் சற்றே திருப்பினால் போதும், ஹூப்பை அவிழ்க்க வேண்டியதில்லை. எல்லாத் துண்டும் முடிந்த பிறகே குறித் தையலைப் பிரியுங்கள்.