சிறுவீட்டுப் பொங்கல்: மார்கழியிலேயே தொடங்கும் வேலை

திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் தை முதல் நாளோடு முடிவதில்லை. பெரியவர்கள் பொங்கி முடித்த பிறகு வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பொங்கல் உண்டு. அதுதான் சிறுவீட்டுப் பொங்கல். தைப்பூசத்தன்று வைக்கிற ஊரும் உண்டு, தை ஞாயிறு ஒன்றில் வைக்கிற ஊரும் உண்டு. எந்த நாளில் வைத்தாலும் வேலை மார்கழி முதல் தேதியே தொடங்கிவிடும். சின்ன வயதில் பிள்ளைகள் கைப்படச் செய்கிற பண்டிகை இதைப்போல் வேறு இல்லை. முறை தெரிந்த ஆச்சிமார்கள் குறைந்துவருவதால் விவரமாகவே எழுதுகிறேன்.

விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் சாணியைப் பிள்ளையாராகப் பிடித்து நடுவில் வைத்து, அதன் தலையில் பூசணிப்பூவைச் செருக வேண்டும். கொடியில் ஆண் பூவாகப் பார்த்துப் பறியுங்கள். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே குட்டிக் காய் உருண்டிருந்தால் அது பெண் பூ, பறித்தால் ஒரு பூசணிக்காய் போயிற்று. பூசணி இல்லாவிட்டால் பீர்க்கம்பூ, செம்பருத்தி எதுவும் ஆகும்.

வெயில் ஏறியதும் அந்தச் சாணியையும் பூவையும் சேர்த்து எடுத்து, பூ மேலே தெரியும்படி வட்டமாக வரட்டி தட்ட வேண்டும். உள்ளங்கை அகலம், அரை விரல் கனம். கனமாகத் தட்டினால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரம் நின்று புழு வைக்கும். மெல்லிசாகத் தட்டினால் எடுக்கும்போதே ஒடியும். பச்சைப்புல் தின்ற மாட்டின் சாணி இளகலாக இருக்கும், ஒரு பிடி உமி சேர்த்தால் இறுகும். மார்கழிப் பனி வரட்டிக்கு எதிரி என்பதால் பொழுது சாயுமுன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். காய்ந்ததை ஓலைப்பெட்டியில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நாளுக்கு ஒன்று என்றால் மாதம் முடிய 29 அல்லது 30 வரட்டி சேர்ந்துவிடும்.

அடுத்தது சிறுவீடு, அதாவது வாசலில் பிள்ளைகள் கட்டுகிற சின்ன மண்வீடு. குளத்துக் கரம்பை (வண்டல் களிமண்) இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, விரல் நீளம் நறுக்கிய வைக்கோல் இரண்டு கை. கரம்பையை மட்டும் வைத்துக் கட்டினால் காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மணலும் வைக்கோலும் அதைத் தடுக்கத்தான். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மிதித்துப் பிசைய வேண்டும். மிதிக்கிற வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடவே வேண்டாம், தானாக வந்துவிடுவார்கள்.

வாசலின் ஒரு ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அடுக்களை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுவர் ஒரு சாண் உயரம், மூன்று விரல் கனம் போதும். அதை ஒரே மூச்சில் எழுப்பக் கூடாது. பாதி உயரம் வைத்து ஒரு நாள் இறுகவிட்டு, மறுநாள் மீதியை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடிச்சுவர் பிதுங்கிவிடும். கூரை கிடையாது. காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்து, அடியில் காவிப்பட்டை இழுத்து, தரையைச் சாணி மெழுகிக் கோலம் போட்டால் வீடு ஆயிற்று. எந்த அறை எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். பெரியவர்கள் தலையிட்டால் இந்தப் பொங்கலுக்கு அர்த்தமே இல்லை.

அதே மண்ணில், அடுப்பாக வைத்துப் பானையைத் தாங்கும் பொங்கக்கட்டியும் மூன்று பிடித்துவிடலாம். கட்டி நிழலிலேயே பத்துப் பன்னிரண்டு நாள் காய வேண்டும். ஈரக் கட்டியில் தீ பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும், பானை சரியும். நம் பக்கம் மார்கழி பிறந்த பிறகும் பெருமழை வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே கட்டியைத் திண்ணையில் காயவைப்பதே நல்லது.

பானை காருகுறிச்சி மண்பானையாக இருந்தால் ஒன்றரை லிட்டர் கொள்வது போதும். புதுப் பானையை முந்தின ராத்திரி தண்ணீரில் முக்கி வையுங்கள், விரிசல் விடாது. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் ஒரு லிட்டர், பால் ஒரு டம்ளர் ஊற்றி, சில்லாட்டையில் (காய்ந்த பன்னாடை) தீ பற்றவைத்துப் பிறகு பனையோலை கொடுக்க வேண்டும். ஓலை நொடியில் எரிந்துவிடும். ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் ஓலையை மடித்து மடித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஈர ஓலை புகையும், பாலில் புகைவாடை ஏறிவிடும். பொங்கியதும் குலவை போட்டுவிட்டு, இரண்டு கரண்டித் தண்ணீரை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, கால் கிலோ பச்சரிசியும் ஒரு கைப் பாசிப்பருப்பும் போடுங்கள். இறுகும்போது எடுத்த தண்ணீரை விடலாம். அரிசி குழைய வெந்த பிறகே கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் அதற்குமேல் அரிசி வேகாது. வெல்லம் விழுந்ததும் ஓலையை நிறுத்தி, தணலிலேயே கிளறுங்கள். அடிப்பிடிப்பதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான்.

சிறுவீட்டு வாசலில் இலை போட்டுப் பொங்கலும் கரும்பும் பனங்கிழங்கும் படைத்த பிறகு, வரட்டிகளைப் பெட்டியோடு ஆற்றுக்கு எடுத்துப் போக வேண்டும். வாழைமட்டையில் வரட்டியை வைத்து, அதன்மேல் சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். வரட்டியைத் தனியாக விட்டால் சீக்கிரம் ஊறி அமிழ்ந்துவிடும், மட்டையில் வைத்தால் தூரம் போகும். படித்துறையில் பாசி வழுக்கும். பிசான நெற்பயிருக்குத் தண்ணீர் திறந்திருக்கிற மாதம் என்பதால் ஆற்றில் இழுப்பும் இருக்கும். பிள்ளைகளை மேல்படியிலேயே நிறுத்தி, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மட்டையை வாங்கி விடுங்கள்.